பக்க அமைப்பில் அட்டவணையும் பாணித்தாளும்

பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாயிலில், கோயம்புத்தூர் மாவட்டத்தின் எல்லையை ஒட்டி, வடகரப்பதி ஊராட்சி அமைந்துள்ளது. கேரள மாநிலத்தின் பாலக்காடு மாவட்டத்தில், சித்தூர் வட்டத்தைச் சார்ந்த இவ்வூராட்சியில் தமிழ் பேசும் மக்கள் பெருந்தொகையினராக வாழ்கின்றனர். இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், பீர்மேடு முதலிய எல்லைப்புற மலைப்பகுதிகளிலும் தமிழ் பேசுவோர் பலர் உளர். 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் கேரள மாநிலம் உருவாயிற்று. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் மொழிச் சிறுபான்மையினருக்கெனத் தனி விதியொன்றைக் கொண்டுள்ளது. தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் மாநில அரசுக்கும், தாங்கள் மிகுதியாக வாழும் பகுதிகளிலுள்ள அலுவலகங்களுக்கும் தத்தம் மொழியிலேயே எழுதலாம் என்பதும், அவர்களுக்கு மறுமொழியும் அம்மொழியிலேயே தரப்படல் வேண்டும் என்பதும் அவ்விதியின் உட்பொருளாகும்.

ஆகவே, இத்தகைய பகுதிகளில் ஒரே அறிவிப்பில் தமிழும் மலையாளமும் அருகருகே நிற்பது இயல்பே. சுவரில் ஒட்டும் காகிதத்தில் இரு மொழிகளையும் இரு பத்திகளாக அச்சிடுவதால் இடையூறு ஏதும் விளைவதில்லை. படிப்பவர் தமக்குத் தெரிந்த பத்தியைப் படித்துவிட்டு மற்றதை விட்டுவிடுவார். அதே அறிவிப்பு வலைப்பக்கமாக மாறிக் கணிப்பொறியிலும் கைப்பேசியிலும் தோன்றும்பொழுது மட்டும் ஒரு புதுச் சிக்கல் எழுகின்றது. பத்திகளை அருகருகே நிறுத்தும் வேலையை எதனிடம் ஒப்படைப்பது என்பதே அச்சிக்கல். அட்டவணையிடம் ஒப்படைப்பது ஒரு வழி. ‘ஸ்டைல் ஷீட்’ என்று வழங்கும் பாணித்தாளிடம் ஒப்படைப்பது மற்றொரு வழி. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஆயினும் அவற்றிடையே உள்ள வேறுபாடு மிகப் பெரிது. அதனை இங்கு ஆராய்வோம்.

ஓர் அறிவிப்பு

எளிய எடுத்துக்காட்டு ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். சித்தூர் வட்டத்தின் கிழக்குப் பகுதி மழை குறைந்த பகுதியாதலின், கோடையில் குடிநீர்த் தட்டுப்பாடு அங்குப் புதிதன்று. அத்தகைய ஊராட்சியொன்றில் லாரியில் குடிநீர் வழங்கும் நேரம் மாற்றப்படுகின்றது. அதற்கான வலைப்பக்கத்தின் உச்சியில் ஊராட்சியின் பெயர் உள்ளது. இடப்புறத்தில் வேறு பக்கங்களுக்குச் செல்லும் 20 இணைப்புகள். நடுவில் தமிழ் அறிவிப்பு. வலப்புறத்தில் மலையாள அறிவிப்பு. அடியில் எந்த வார்டுக்கு எந்த நாளில் எத்தனை மணிக்கு லாரி வரும் என்னும் காலப்பட்டியல்.

இப்பக்கத்தை அமைத்தவர் அது முழுவதையும் ஒரு பெரிய அட்டவணையாக வகுத்து, தமிழ்ப் பாரா ஒவ்வொன்றுக்கும் நேராக மலையாளப் பாரா நிற்கவேண்டும் என்று கருதி, அவற்றை அடுத்தடுத்த கட்டங்களில் இட்டார் எனக் கொள்வோம். திரையில் பார்ப்பவருக்கு அது அழகாகவே தோன்றும். பார்வையற்ற ஒருவரோ, திரையிலுள்ள எழுத்தைக் குரலாக மாற்றித் தரும் திரைவாசிப்பானைக் கொண்டு அப்பக்கத்தைக் கேட்கின்றார். அக்கருவி அட்டவணையை இடமிருந்து வலமாக, ஒரு நிரை முடிந்தபின் அடுத்த நிரையாக வாசிக்கும். எனவே அவர் முதலில் 20 இணைப்புகளையும், பின்னர்த் தமிழ்த் தலைப்பையும், அதன் பின்னர் மலையாளத் தலைப்பையும் கேட்கின்றார். அடுத்து ஒரு வெற்றுக் கட்டம், ஒரு தமிழ்ப் பாரா, ஒரு மலையாளப் பாரா, மீண்டும் வெற்றுக் கட்டம், மீண்டும் தமிழ். ‘திங்கட்கிழமை முதல்’ என்பதற்கும் ‘காலை 6 மணிக்கு’ என்பதற்கும் இடையே வேற்றுமொழி வாசகம் புகுந்து நிற்கின்றது. நேரத்தைத் தவறாகப் புரிந்துகொண்டால் அன்றைய குடிநீர் கைக்கு எட்டாமற் போகும். அறிவிப்பில் ஓர் எழுத்துப்பிழைகூட இல்லை; வந்த பிழை அமைப்பினால் வந்தது.

அட்டவணையின் இயல்பு

அட்டவணை என்பது அறிவைத் தொகுத்துக் காட்டும் சாதனம். அதன் ஒவ்வொரு கட்டமும் இரு தலைப்புகளால் பொருள் பெறுகின்றது. ஒன்று நிரையின் தலைப்பு, மற்றொன்று நிரலின் தலைப்பு. மேற்கூறிய காலப்பட்டியலில் ‘7 மணி’ என்னும் கட்டம் தனித்து நின்றால் பொருளற்றது. ‘மூன்றாம் வார்டு’ என்னும் நிரையும் ‘செவ்வாய்’ என்னும் நிரலும் அங்குச் சந்திப்பதனாலேயே அது செய்தியாகின்றது.

இதிலிருந்து எளிய சோதனை ஒன்று பிறக்கின்றது. ஏதேனும் ஒரு கட்டத்தை எடுத்துக்கொண்டு, இதன் நிரைத் தலைப்பு யாது, நிரல் தலைப்பு யாது என்று வினவிப் பார்க்கலாம். விடை கிடைக்குமாயின் அது மெய்யான அட்டவணை. காலப்பட்டியல் இச்சோதனையில் தேறுகின்றது. இணைப்புகளும் தமிழ்ப் பத்தியும் மலையாளப் பத்தியும் நிற்கும் பெரிய அட்டவணையோ தேறுவதில்லை. அங்குக் கட்டங்கள் இடத்தைப் பிரிப்பதற்காக மட்டுமே நிற்கின்றன. ஆகவே ஒரே பக்கத்தில் ஓர் அட்டவணை முறையானதாகவும், மற்றோர் அட்டவணை முறையற்றதாகவும் இருத்தல் கூடும். அட்டவணைகள் யாவற்றையும் ஒழித்துவிட வேண்டும் என்று எண்ணுவோர் காலப்பட்டியலையும் சிதைத்துவிடுவர், அதுவும் தவறே.

பிழை புகுந்த வழி

ஜெனீவா நகருக்கு அருகிலுள்ள செர்ன் அணு ஆராய்ச்சிக் கூடத்தில், டிம் பெர்னர்ஸ்-லீ என்னும் ஆங்கில விஞ்ஞானி 1989இல் வைய விரிவு வலையைப் பற்றிய தம் திட்டத்தை முன்வைத்தார். விஞ்ஞானிகள் தம் ஆராய்ச்சிக் குறிப்புகளை ஒருவருக்கொருவர் பகிர்ந்துகொள்ளுவதே அதன் முதல் நோக்கம். அதற்கென அவர் வகுத்த எச்.டி.எம்.எல். என்னும் குறிமொழி, இது தலைப்பு, இது பாரா, இது பட்டியல், இது இணைப்பு என்று எழுத்தின் பொருளைச் சுட்டுவதற்கு உதவியது. அப்பகுதிகள் திரையில் எவ்வாறு தோன்றவேண்டும் என்பதை அம்மொழி பெரும்பாலும் உலாவியின் பொறுப்பிலேயே விட்டுவிட்டது.

வலை பொதுமக்களிடையே பரவியபொழுது, செய்தித்தாளைப் போலவும் விளம்பரத்தாளைப் போலவும் பக்கங்களை அழகுற அமைக்கும் விருப்பம் எழுந்தது. 1995இல் வெளிவந்த நெட்ஸ்கேப் நாவிகேட்டர் 1.1 என்னும் உலாவி அட்டவணைகளைக் காட்டவல்லதாய் இருந்தது. கோடுகளை மறைத்துவிட்டால் அட்டவணையின் கட்டங்கள் பத்திகளாக உதவும் என்பதைப் பக்க அமைப்பாளர்கள் விரைவில் கண்டுகொண்டனர். அன்று வேறு நம்பகமான வழியேதும் இல்லாதிருந்தமையால், அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. நாளடைவில் அட்டவணைக்குள் அட்டவணையும், அதற்குள் மற்றோர் அட்டவணையுமாகப் பக்கங்கள் பெருகின. இடைவெளி தேவைப்பட்ட இடங்களில் ஒரே புள்ளியளவான, கண்ணுக்குப் புலப்படாத படமொன்றை வைத்து, அதனை வேண்டிய அளவுக்கு நீட்டிக்கொள்ளும் வழக்கமும் பரவிற்று.

அச்சுக்கூடங்களை அறிந்தவர்களுக்கு இவ்வழக்கம் புதிதாகத் தோன்றாது. ஈய எழுத்துகளைக் கோத்த காலத்தில், அச்சுக்கோப்போர் சொற்களுக்கும் வரிகளுக்கும் இடையே எழுத்தில்லாத ஈயத் துண்டுகளைச் செருகுவர். அவை தாளில் எதனையும் பதிப்பதில்லை. இடத்தை மட்டுமே அடைத்து நிற்கும். ஆயினும் ஒரு பெரிய வேறுபாட்டை நாம் கருதவேண்டும். அச்சகத்தின் ஈயத் துண்டுகள் அச்சகத்திலேயே தங்கிவிடுகின்றன; வாசகரின் கைக்கு வருவது தாள் மட்டுமே. வலைப்பக்கத்திலோ, சாரக்கட்டும் கட்டடத்தோடு சேர்ந்தே வாசகரின் இல்லத்துக்கு அனுப்பப்படுகின்றது. அதனைச் சுமப்பது அவருடைய இணைப்பு. அதனிடையே வழி தேடித் திணறுவது அவருடைய திரைவாசிப்பான்.

தமிழ்ச் சொல்லும் கட்டத்தின் அகலமும்

தமிழ் போன்ற ஒட்டுநிலை மொழிகளுக்கு அட்டவணை அமைப்பு தனித்ததோர் இடர்ப்பாட்டையும் விளைவிக்கின்றது. பொதுவாக, அட்டவணையின் நிரல்கள் எவ்வளவு அகலம் பெறவேண்டும் என்பதை உலாவியே கணக்கிடுகின்றது. ஒரு நிரலிலுள்ள மிக நீண்ட, பிரிக்கவியலாத சொல் எதுவோ, அதைவிட அந்நிரலின் அகலம் குறைய முடியாது. வரி மடிவது சொற்களுக்கு இடையேயுள்ள வெற்றிடத்தில் மட்டுமே. சொல்லின் நடுவில் உலாவி தானாகவே மடிப்பதில்லை.

‘அறிவிக்கப்பட்டிருக்கின்றது’ என்னும் சொல்லில் 15 எழுத்துகள் உள்ளன. ஓர் எழுத்து சராசரியாக 14 பிக்சல் இடத்தைக் கொள்ளும் எனக் கணக்குக்காக வைத்துக்கொண்டால், இவ்வொரு சொல்லுக்கே 210 பிக்சல் வேண்டும். மலையாளமும் நீண்ட சொற்களை உடைய மொழியே. அதன் நிரலுக்கும் 200 பிக்சல் என்றும், இணைப்புகளின் நிரலுக்கு 120 பிக்சல் என்றும் கொண்டால், மொத்தம் 530 பிக்சல் ஆகின்றது. சாதாரணக் கைப்பேசித் திரையொன்றின் அகலம், உலாவியின் கணக்கில், ஏறத்தாழ 360 பிக்சல். எனவே பக்கம் திரையை மீறி வலப்புறம் நீண்டுவிடுகின்றது. ஒவ்வொரு வரியையும் படிக்கப் பக்கத்தை இடமும் வலமும் தள்ளவேண்டியிருக்கும். இல்லையேல் எழுத்து கடுகளவாகச் சுருங்கிவிடும். குறுகிய சொற்களைக் கொண்ட ஆங்கிலத்துக்கென முதலில் வகுத்த அட்டவணையில் பின்னர்த் தமிழைக் கொண்டுவந்து நிரப்பும்பொழுது இவ்விடர் மேலும் மிகும்.

பாணித்தாளின் தோற்றம்

இவ்விடர்களுக்கெல்லாம் மாற்றாக அமைந்ததே பாணித்தாள். செர்னில் பணியாற்றிய நார்வே நாட்டினரான ஹோகன் வியூம் லீ என்பவர் 1994ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் இதற்கான முதல் திட்டத்தை வெளியிட்டார். ஒல்லாந்து நாட்டினரான பெர்ட் போஸ் என்பவரும் அவருடன் இணைந்தார். வைய விரிவு வலைக் கூட்டமைப்பு 1996 டிசம்பர் 17ஆம் நாள் அதன் முதல் நிலையையும், 1998 மே மாதம் இரண்டாம் நிலையையும் பரிந்துரையாக வெளியிட்டது. இது சி.எஸ்.எஸ். என்னும் பெயரால் வழங்குகின்றது.

இம்முறையின் அடிப்படைக் கருத்து எளிது. பக்கத்தில் எழுதப்பட்டிருக்கும் விஷயம் ஒரு கோப்பில் இருக்கும். அது தோன்றவேண்டிய பாணி வேறொரு கோப்பில் இருக்கும். முதற்கோப்பு, ‘இது தலைப்பு, இது தமிழ் அறிவிப்பு, இது மலையாள அறிவிப்பு, இது காலப்பட்டியல்’ என்று மட்டும் கூறும். இரண்டாவது கோப்பு, ‘தலைப்புகள் யாவும் பெரிய எழுத்தில் அமைக, அகலமான திரையில் இரு அறிவிப்புகளும் அருகருகே நிற்க, குறுகிய திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்க, தாளில் அச்சிடும்பொழுது இணைப்புகள் மறைக’ என்னும் விதிகளைத் தாங்கி நிற்கும்.

இவ்வாறு பிரித்தபின், திரைவாசிப்பான் முதற்கோப்பின் வரிசையையே பின்பற்றுகின்றது. தமிழ் அறிவிப்பு தொடக்கம் முதல் இறுதிவரை தடையின்றி ஒலிக்கும். அது முடிந்தபின்னரே மலையாளம் தொடங்கும். ஒவ்வொரு பகுதிக்கும் இன்ன மொழி என்று குறிப்பிட்டுவிட்டால், அதற்குரிய குரலைக் கருவி மாற்றிக்கொள்ளவும் இயலும். ஆஸ்திரேலியாவில் 2006இல் தொடங்கப்பட்டு, விலையின்றிக் கிடைக்கும் என்.வி.டி.ஏ. என்னும் திரைவாசிப்பான், தமிழையும் மலையாளத்தையும் ஒலிக்கவல்ல குரல்பொறியுடன் வழங்கப்படுகின்றது.

மொழிக்கேற்ற பாணியும் இம்முறையில் எளிதாகின்றது. தமிழ் எழுத்துகளில் இகர, ஈகாரக் குறிகள் மேலேயும், உகர, ஊகாரக் குறிகள் கீழேயும் நீள்வதால், வரிகளுக்கிடையே சற்று மிகுதியான இடைவெளி தேவை. ‘தமிழ் எனக் குறிக்கப்பட்ட பகுதிகளுக்கு இவ்வளவு வரி இடைவெளி’ என்று மொழியைச் சுட்டியே விதி எழுதும் வசதி 1998ஆம் ஆண்டின் இரண்டாம் நிலையிலேயே இடம்பெற்றது. மிக நீண்ட சொல் திரையை மீறுமாயின், அதனை இடையில் மடிக்குமாறும் பிற்காலத்தில் விதிக்க முடிந்தது.

விதிகளின் வரிசை

சி.எஸ்.எஸ். என்னும் பெயரின் முதற்சொல் படிப்படியாக இழியும் அருவியைக் குறிப்பது. ஒரே பக்கத்துக்குப் பல இடங்களிலிருந்து விதிகள் வந்து சேரலாம் என்பதை அது உணர்த்துகின்றது. உலாவிக்கென இயல்பான விதிகள் உண்டு. வாசகர் தமக்கென விதிகளை வகுத்துக்கொள்ளலாம். பக்கத்தை எழுதியவர் தம் விதிகளைத் தருவார். இவை முரண்படும்பொழுது எது வெல்லும் என்பதற்கு முறையான வரிசையொன்று வகுக்கப்பட்டுள்ளது. சாதாரணமாக எழுதியவரின் விதியே வெல்லும். ‘இன்றியமையாதது’ என்று குறியிடப்பட்ட விதிகளில் மட்டும், இரண்டாம் நிலை முதற்கொண்டு, வாசகரின் விதியே எழுதியவரின் விதியை வெல்லும் என நிறுவப்பட்டது.

இவ்வேற்பாட்டின் உட்கருத்து சிந்திக்கத் தக்கது. பார்வை மங்கிய முதியவர் ஒருவர், எழுத்து இருமடங்கு பெரிதாக வேண்டுமென்றும், கருப்புத் திரையில் மஞ்சள் எழுத்து வேண்டுமென்றும் விரும்பினால், அதனைப் பெறுவதற்கான உரிமை இம்முறையின் அமைப்பிலேயே அடங்கியுள்ளது. அட்டவணைக் கட்டங்களின் அகலமும் நிறமும் பக்கத்தினுள்ளேயே ஆணி அடித்தாற்போல் பதிக்கப்பட்டிருந்த காலத்தில் இது எளிதன்று.

உலாவிகளின் காலதாமதம்

1996இலேயே விதிமுறை வெளிவந்திருந்தும், அட்டவணைப் பழக்கம் மேலும் பல ஆண்டுகள் நீடித்தமைக்குக் காரணம் உண்டு. அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் வெளிவந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 3 பாணித்தாளை ஓரளவே ஆதரித்தது. 1997இல் வந்த நெட்ஸ்கேப் 4 அதனைக் குறைபாடுகளுடன் செயற்படுத்தியது. ஒரு பெட்டியின் அகலம் என்பதில் அதன் ஓரக்கோடும் உள்ளிடைவெளியும் அடங்குமா என்னும் அடிப்படைக் கணக்கிலேயே, விண்டோசுக்கான இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5 விதிமுறையினின்றும் மாறுபட்டது. ஒரே பக்கம் ஓர் உலாவியில் ஒழுங்காகவும் மற்றொன்றில் சிதைந்தும் தோன்றிய நிலையில், அமைப்பாளர்கள் அட்டவணையையே பாதுகாப்பானதாகக் கருதினர்.

இந்நிலையை மாற்றும் பொருட்டு 1998இல் ‘வெப் ஸ்டாண்டர்ட்ஸ் புராஜெக்ட்’ என்னும் அமைப்பு தோன்றி, உலாவி நிறுவனங்கள் பொது விதிமுறையைப் பின்பற்ற வேண்டுமென வற்புறுத்தியது. 2003இல் டேவ் ஷியா என்பார் தொடங்கிய ‘சி.எஸ்.எஸ். ஜென் கார்டன்’ என்னும் தளம் பலருடைய ஐயத்தைப் போக்கியது. அங்கு எழுத்துக்கோப்பு ஒன்றே. அதில் ஒரு சொல்லும் மாறுவதில்லை. பாணித்தாளை மட்டும் மாற்றினால், அதே பக்கம் முற்றிலும் வேறான தோற்றங்களைப் பெற்றது.

ஆயினும் அக்காலத்துப் பாணித்தாளிலும் பத்திகளை அருகருகே நிறுத்துவதற்கெனத் தனி வசதி முறையாக அமைந்திருக்கவில்லை. படத்தின் ஓரமாக எழுத்து வழிந்தோடுவதற்கென ஏற்பட்ட ‘மிதப்பு’ என்னும் விதியையே பத்திகளுக்கும் வளைத்துப் பயன்படுத்தினர். பக்கத்தை நிரை நிரலாக வகுப்பதற்கென்றே அமைந்த ‘கிரிட்’ என்னும் கட்டமைப்பு முறை 2017ஆம் ஆண்டில்தான் முக்கிய உலாவிகளுக்கு வந்து சேர்ந்தது. கட்டம் கட்டமாகப் பக்கத்தைப் பிரிப்பது குற்றமன்று என்பதற்கு இதுவே சான்று. கட்டங்கள் இருக்கவேண்டிய இடம் பாணித்தாள் என்பதே கருத்து.

சிக்கனம்

பாணித்தாளால் விளையும் சிக்கனத்தையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு தளத்தில் 20 பக்கங்கள் உள்ளன என்றும், ஒவ்வொன்றிலும் உள்ள எழுத்து 10 கிலோபைட் என்றும், அதனைத் தாங்கும் அட்டவணைச் சாரக்கட்டு 20 கிலோபைட் என்றும் கொள்வோம். 20 பக்கங்களையும் படிப்பவருக்கு 600 கிலோபைட் அனுப்பவேண்டும். பாணித்தாள் முறையில், ஒவ்வொரு பக்கமும் எளிய குறிகளுடன் 12 கிலோபைட் எனவும், பாணித்தாள் 20 கிலோபைட் எனவும் கொண்டால், பாணித்தாளை உலாவி ஒருமுறை பெற்றுச் சேமித்து வைத்துக்கொள்வதால், மொத்தம் 260 கிலோபைட் மட்டுமே ஆகும். சுமை பாதிக்கும் கீழே குறைந்துவிடுகின்றது.

பராமரிப்பிலும் இவ்வாறே. ஊராட்சியின் பக்கங்களில் தலைப்பின் நிறத்தை மாற்றவேண்டுமானால், அட்டவணை முறையில் 20 கோப்புகளையும் திறந்து திருத்தவேண்டும். பாணித்தாளில் ஒரு வரியைத் திருத்தினாற் போதும். குறைந்த ஊழியர்களைக் கொண்டு இயங்கும் சிறு அலுவலகங்களுக்கு இது அற்பமான உதவியன்று.

நெறிமுறைகளும் சட்டமும்

இத்துறையில் நெறிமுறைகள் நெடுநாட்களுக்கு முன்பே வகுக்கப்பட்டுவிட்டன. 1997 டிசம்பரில் வெளிவந்த எச்.டி.எம்.எல். 4.0 விதிமுறை, பக்க அமைப்புக்காக மட்டும் அட்டவணைகளைப் பயன்படுத்தலாகாது என்று அறிவுறுத்தியது. 1999 மே மாதம் வெளிவந்த வலை அணுகுமை வழிகாட்டி, அமைப்புக்குப் பாணித்தாளையே கையாள வேண்டும் என்றும், அட்டவணையைக் கையாள நேரின் வரிசையாக வாசித்தாலும் பொருள் கெடாதவாறு இருத்தல் வேண்டும் என்றும் கூறிற்று.

நம் நாட்டில் 1995 ஆகஸ்டு 15ஆம் நாள் பொதுமக்களுக்கு இணைய வசதி தொடங்கப்பட்டது. 2007 அக்டோபர் முதல் நாள் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை இந்தியா ஏற்றுறுதி செய்தது. 2009இல் தேசியத் தகவலியல் மையம் வகுத்த இந்திய அரசு வலைத்தளங்களுக்கான வழிகாட்டி நெறிகள் வெளிவந்தன. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும், அதன்கீழ் 2017இல் வகுக்கப்பட்ட விதிகளும் அந்நெறிகளுக்குச் சட்டத்தின் வலுவைத் தந்தன. நெறிகளின் மூன்றாம் பதிப்பு 2023இல் வெளியாயிற்று.

2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடிப் பேர். அவர்களுள் பார்வைக் குறைபாடு உடையோர் 50 இலட்சத்துக்கும் மேற்பட்டவர். குடும்ப அட்டையும் ஓய்வூதியமும் சான்றிதழும் வலைவழியே வழங்கப்படும் நாளில், பக்கம் ஒழுங்காக வாசிக்கப்படுவது இவர்களுக்கு வாழ்க்கைத் தேவையாகும்.

கவனிக்க வேண்டியவை

பாணித்தாள் எல்லாக் குறைகளையும் தானே தீர்த்துவிடும் என்று கருதுதல் கூடாது. முதலாவதாக, பாணித்தாளின் உதவியால் கோப்பில் கடைசியில் உள்ளதைத் திரையில் முதலிடத்தில் காட்டவும் முடியும். கண் ஒரு வரிசையையும் செவி வேறொரு வரிசையையும் பெறுமாயின், அட்டவணையால் நேர்ந்த குழப்பமே மீண்டும் வந்துசேரும். ஆகவே முதலில் பாணியின்றியே கோப்பை ஒழுங்காக எழுதி, அது பொருள் தருகின்றதா என்று வாசித்துப் பார்த்தபின்னரே பாணியைச் சேர்க்கவேண்டும்.

இரண்டாவதாக, மெய்யான அட்டவணைகளை மெய்யான அட்டவணைகளாகவே எழுதவேண்டும். காலப்பட்டியலுக்குப் பெயரும், நிரை நிரல்களுக்குத் தலைப்புக் குறிகளும் இடப்பட்டிருந்தால், திரைவாசிப்பான் ஒவ்வொரு கட்டத்திலும் ‘மூன்றாம் வார்டு, செவ்வாய், 7 மணி’ என்று தலைப்புகளையும் சேர்த்து ஒலிக்கும். தலைப்புக் குறிகள் இல்லையேல் ‘7 மணி, 8 மணி, 9 மணி’ என்னும் வெறும் எண்களே செவியில் விழும்.

மூன்றாவதாக, சில இடங்களில் அட்டவணை அமைப்பைத் தவிர்ப்பது இன்னும் கடினமாகவே உள்ளது. 2007 முதல் வந்த விண்டோஸ் அவுட்லுக் பதிப்புகள் பல, மின்னஞ்சலைக் காட்ட வேர்டு செயலியின் பொறியைப் பயன்படுத்துவதால், புதிய பாணி விதிகள் பல அவற்றில் செல்லுபடியாவதில்லை. அத்தகைய இடங்களில் ‘இது தோற்றத்துக்காக மட்டும் அமைந்த அட்டவணை’ என்று குறியிட்டுவிடும் வழியுண்டு. குறியிடப்படாத அட்டவணைகளின் தன்மையை இன்றைய திரைவாசிப்பான்கள் தாமே ஊகிக்க முயல்கின்றன. அவ்வூகம் சிலபோது சரியாகும், சிலபோது தவறும். பொது அறிவிப்பை ஊகத்துக்கு விட்டுவிடுதல் முறையன்று.

நான்காவதாக, கையொப்பமிட்ட காகிதத்தைப் படமெடுத்து அப்படியே பக்கத்தில் இடும் வழக்கம் அட்டவணையைக் காட்டிலும் தீங்கானது. படத்தில் எழுத்தே இல்லை. வெறும் புள்ளிகளே உள்ளன. அதற்குப் பாணித்தாளும் துணை செய்ய இயலாது.

முடிவு

மீண்டும் நம் குடிநீர் அறிவிப்பை நோக்குவோம். பெரிய அட்டவணை நீக்கப்பட்டுவிட்டது. கோப்பில் முதலில் தலைப்பும், அடுத்துத் தமிழ் அறிவிப்பும், அதன்பின் மலையாள அறிவிப்பும், பின்னர்த் தலைப்புகளுடன் கூடிய காலப்பட்டியலும், இறுதியில் 20 இணைப்புகளும் உள்ளன. அலுவலகக் கணிப்பொறியில் இரு மொழிகளும் அருகருகே நிற்கின்றன. வயலில் நிற்கும் உழவரின் கைப்பேசியில் அவை ஒன்றன்கீழ் ஒன்றாக, பக்கத்தைத் தள்ளவேண்டிய தேவையின்றித் தோன்றுகின்றன. அறிவிப்புப் பலகைக்கென அச்சிடும்பொழுது இணைப்புகள் மறைந்து, செய்தி மட்டும் தாளில் பதிகின்றது. பார்வையற்றவரின் செவியில் தமிழ்ச் செய்தி தொடர்ச்சியாக ஒலித்து, அவருடைய வார்டுக்குரிய நாளும் நேரமும் ஐயத்துக்கு இடமின்றி விளங்குகின்றன. இந்நான்கிற்கும் கோப்பு ஒன்றே.

எல்லைப்புற மக்களுக்கு அவர்கள் மொழியிலேயே செய்தி தரப்படல் வேண்டும் என்று சட்டம் வகுத்தோர், அச்செய்தி அவர்களுக்குப் புரியவேண்டும் என்பதையே நாடினர். பக்கத்தில் தமிழ் இடம்பெற்றுவிட்டது என்பதனால் மட்டும் அந்நோக்கம் நிறைவேறிவிடாது. அது எழுதப்பட்ட வரிசையிலேயே கண்ணையும் செவியையும் சென்றடைதல் வேண்டும். ஊராட்சிகள், பள்ளிகள், கூட்டுறவுச் சங்கங்கள் ஆகியவற்றுக்குப் பக்கங்களை அமைத்துத் தரும் இளைஞர்கள், தம் பணி முடிந்ததும் பாணித்தாளை ஒருமுறை நீக்கிவிட்டு, எஞ்சியிருப்பதை மேலிருந்து கீழாக உரக்கப் படித்துப் பார்ப்பார்களாக. இடையில் தடையின்றிப் பொருள் விளங்குமாயின், அப்பக்கம் மக்களுக்கு உரியதாயிற்று எனத் துணியலாம்.